நேரில் வந்து திருப்பித் தரும் வரை

பிப்ரவரி 23

இன்று முதல் பயிற்சிக் குறிப்பு எழுதுகிறேன். மலையேற்றக் குழு நடத்தும் பெனடிக்ட் எழுதச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். துணைமின் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஆபரேட்டர். மணிக்கொரு முறை மீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் குறிப்பதுதான் உத்தியோகம். பார்க்காமல் ஒரு ரீடிங்கும் எழுதியதில்லை. ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இந்தப் புத்தகம் கடையில் வாங்கியது. அலுவலகத்துப் பொருளை வீட்டுக்குத் தூக்கி வரும் பழக்கம் எனக்கில்லை.

போக வேண்டிய இடம்: இமயமலையில் பீம்சர் ஏரி. உயரம் 13,400 அடி. அடிவாரக் கிராமத்திலிருந்து ஏறி இறங்க நான்கு நாள். புறப்படுவது ஜூன் முதல் வாரம். போகிறவர்கள்: நான் (61), மனைவி துளசிமணி (56).

காரணம்: சமையலறையில் தொங்கும் காலண்டர் படம். உரக்கடையில் கொடுத்தது. தேதித் தாளெல்லாம் கிழிந்துபோய்ப் பதினெட்டு வருடம் ஆகியும் துளசிமணி படத்தை எடுக்கவிடவில்லை. சுற்றிலும் பனிமலை, நடுவில் நீல ஏரி. எந்த ஏரி என்று அதில் போட்டிருக்கவில்லை, பார்க்க பீம்சர் மாதிரி இருக்கிறது என்றார் பெனடிக்ட். "ரிட்டையர் ஆனதும் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் கிளம்பும்போது சொல்லியிருக்கிறேன். நான் பகலில் தூங்குவதற்காக இந்த வீட்டில் மிக்ஸி ஓடியதில்லை, மகள் சத்தமாகப் பாடம் படித்ததில்லை. ஆகவே இது சலுகையல்ல, பாக்கி.

நிபந்தனை: ஐந்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்துக்குள் நடந்து, செல்போன் செயலியில் பதிவான நேரத்தை ஏப்ரல் 20க்குள் அனுப்ப வேண்டும். டாக்டர் சான்றிதழும் வேண்டும்.

பிப்ரவரி 26

சென்னிமலைப் படிக்கட்டு. 1,320 படி. துளசிமணி 33 நிமிடம். நான் 54.

அவள் செவ்வாய்க்கிழமை தோறும் முருகனைப் பார்க்க ஏறுகிறவள். எனக்குப் புதுச் செருப்பு. தவிர, நடுவில் தெரிந்தவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவர் பேசி முடித்த பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். காற்று நன்றாக இருந்தது.

மார்ச் 3

மலையேற்றக் காலணி வந்துவிட்டது. வீட்டுக்குள் போட்டுப் பழக வேண்டுமாம். துளசிமணி அதைப் போட்டுக்கொண்டே இட்லிக்கு மாவாட்டினாள். பால் ஊற்ற வந்தவர் அவள் காலைப் பார்த்துவிட்டு, ஏதோ விசேஷமா என்று என்னிடம் விசாரித்தார்.

மார்ச் 9

ஈங்கூர் ரோடு, ஐந்து கிலோமீட்டர். துளசிமணி 47 நிமிடம். நான் 61. குறுக்கே நாய்.

மார்ச் 10

நெஞ்சில் வாயு. நேற்றுத் தின்ற பருப்பு வடைதான். இஞ்சிச் சாறு.

மார்ச் 16

சாமான் பட்டியல். பை பத்துக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்கிறார் பெனடிக்ட். துளசிமணி எடுத்துவைத்தது: பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நிலக்கடலை உருண்டை, ஒரு சிறு டப்பா விபூதி, சென்னிமலைத் துண்டு நான்கு. எடை பதினாலு.

"அங்க அவங்களே சமைச்சுப் போடறாங்க அம்மிணி."

"அவங்க போடட்டுங்க. தொட்டுக்க என்ன பண்ணுவீங்க?"

கடைசியில் நார்த்தங்காயை விட்டுக்கொடுத்தாள். துண்டை விடவில்லை. துண்டு எதுக்கு ஆகாது என்று கேட்டாள். நான்கும் பைக்குள் போயின.

பிறகு, மேலே கழிப்பறை எப்படி என்று பெனடிக்டிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன். கூடாரத்துக்குள் குழிதான், மண்ணள்ளிப் போட வேண்டும். சொன்னதும் துளசிமணி, "பூனையாட்டமா?" என்று கேட்டு நெடுநேரம் சிரித்தாள். பல வருடம் கழித்து அப்படிச் சிரிக்கிறாள்.

மார்ச் 21

டீக்கடையில் பழைய லைன்மேன் ராசு அண்ணனைப் பார்த்தேன். எப்போதும்போல டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. காரணத்தை எழுதி வைக்கிறேன்.

மின்கம்பத்தில் ஏறி வேலை செய்யப்போகிறவர் முதலில் ஆபரேட்டரிடம் கையெழுத்துப் போட்டு லைன் கிளியர் வாங்க வேண்டும். சுருக்கமாக எல்.சி. வாங்கியவரே நேரில் வந்து திருப்பித் தரும் வரை அந்த லைனில் மின்சாரம் விடக்கூடாது. 1999இல் ஒரு முகூர்த்த நாள். ராசு அண்ணன் எல்.சி. வாங்கிப் போயிருந்தார். பெரிய இடத்துக் கல்யாணம், மண்டபம் இருட்டு. "வேலை முடிஞ்சுது, ராசு எறங்கிட்டாப்டி, லைனப் போடு" என்று ஒருவர் போனில் சொன்னார். அடுத்து அவரைவிடப் பெரியவர் ஒருவர் சொன்னார். நேரில் வரட்டும் என்றேன். நாற்பது நிமிடம் வசவு. ராசு அண்ணன் அப்போது கம்பத்தின் உச்சியில் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் பெருமைப்படுகிற விஷயம் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

மார்ச் 24

ஐந்து கிலோமீட்டர், 63 நிமிடம். துளசிமணி 46.

இரவு சாப்பிடும்போது சொன்னாள்: "உங்களுக்கு முடியலீன்னா உட்ருலாமுங்க. நீங்க வராம நான் எதுக்குப் போறேன்? படந்தான் ஊட்லயே இருக்குதே." சொல்லிவிட்டுப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

முடியவில்லை என்று யார் சொன்னது?

மார்ச் 28

இனி தனியாக நடப்பது என்று முடிவு. அவள் ஈங்கூர் ரோடு, நான் காங்கேயம் ரோடு. அவள் பக்கத்தில் நடந்தால் என் நடை கெடுகிறது.

புறப்பாடு 05:40. திரும்பியது 06:52. தூரம் 5 கி.மீ. செயலி காட்டும் நேரம் 48 நிமிடம்.

செயலியில் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது? நிறுத்தி வைக்கத்தான். உட்கார்ந்திருப்பது நடையாகாது. நடந்த நேரத்தை மட்டும் கணக்கில் கொள்வதே முறை.

ஏப்ரல் 2

அனுப்பிவிட்டேன். பெனடிக்ட் போன் செய்தார். "சூப்பர் சார்! அம்மாவை விட ரெண்டே ரெண்டு நிமிஷந்தான் அதிகம். உங்க வயசுக்கு இது பெரிய விஷயம்." துளசிமணி கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் கோகிலவாணிக்குப் பெங்களூருக்குப் போன் போட்டு, "அப்பா பாஸாயிட்டாருடி" என்றாள். கேசரி கிண்டினாள்.

எனக்குப் பசியில்லை.

ஏப்ரல் 8

டாக்டர் சுகுணாவிடம் சான்றிதழுக்குப் போனேன். பிரஷரை மூன்று முறை பார்த்தார். படியேறினால் என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்வதில்லை என்றேன். ஏதோ டெஸ்ட் எழுதித் தந்தார். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாராம். கறாரான அம்மா.

ஏப்ரல் 11

பக்கத்து ஊரில் வேறொருவர். ஸ்டெதஸ்கோப் மேசை மேலேயே கிடந்தது, எடுக்கவில்லை. பெயர், வயது கேட்டார். எழுதினார். முத்திரை குத்தினார். இரண்டு நிமிடம்.

பார்க்காமல் எழுதினார். நான் கையில் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 12

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. காலையில் மலைக்கு ஏறினோம். கூட்டம். 700ஆவது படியில் உட்கார்ந்தேன். இடது கை கனத்தது, பை தூக்கியதால். பையில் இரண்டு தேங்காய் இருந்தது.

ஏப்ரல் 17

லாக் புத்தகத்தை மூடி வைக்கக்கூடாது என்பது எங்கள் நடைமுறை. மேசை மேல் திறந்தே இருக்க வேண்டும், யார் வந்து கேட்டாலும் பார்க்கலாம். மேலதிகாரி வந்தால் சிவப்பு மையில் குறிப்பெழுதிக் கையெழுத்திடுவார். வீட்டிலும் அப்படியே பழகிவிட்டேன்.

இன்று கடைக்குப் போய்த் திரும்பினால் மார்ச் 28ஆம் தேதிப் பக்கம் திறந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மை. அங்கன்வாடிப் பதிவேட்டில் பிள்ளைகளின் எடையைக் குறித்துக் குறித்துப் பழகிய துளசிமணியின் உருண்டையான கையெழுத்து.

"05:40 முதல் 06:52 வரை 72 நிமிடம். 48 எப்படி? பார்த்தேன். து.ம."

பொய்யை எழுதிவிட்டு, பக்கத்திலேயே புறப்பட்ட நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறேன். கை தன் பழக்கத்தை விடவில்லை. முட்டாள்.

அதே நாள், மாலை

துளசிமணி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. சான்றிதழை மேசை மேல் வைத்தாள். ஏப்ரல் 8ஆம் தேதி டாக்டர் எழுதிய சீட்டையும் என் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"எனக்காகத்தான் செஞ்சேன்னு மட்டும் சொல்லீராதீங்க."

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"மேல போயி நீங்க உளுந்தா யாருங்க தூக்குறது? இந்தக் காயிதத்த நம்பித்தான அந்தப் பெனடிக்ட் பையன் கூட்டிட்டுப் போறான்?"

"ஒண்ணும் ஆகாது அம்மிணி. மெதுவா ஏறிக்கறேன்."

"ராசண்ணன் கம்பத்து மேல இருந்தப்ப ஊரே வையுதுன்னாலும் லைனப் போடல நீங்க. இப்ப உங்க மேலயே போட்டுக்கிட்டீங்களே." சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டு மாதமாகவே பயமாகத்தான் இருக்கிறது. அதை இன்றுதான் எழுதுகிறேன்.

திருத்தங்கள்:
பிப்ரவரி 26: யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. மூச்சு வாங்கியது.
மார்ச் 9: நாய் இல்லை.
மார்ச் 10: வாயு அல்ல.
ஏப்ரல் 14: பை துளசிமணியிடம் இருந்தது.

ஏப்ரல் 20

ஈரோட்டில் டிரெட்மில் பரிசோதனை. நான்காவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 24

ஆஞ்சியோ. இதயத்து ரத்தக்குழாய் ஒன்றில் பாதி அடைப்பு. இப்போதைக்கு மாத்திரை போதுமாம். டாக்டர் சுகுணா திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "பதிமூணாயிரம் அடியெல்லாம் மறந்துருங்க" என்றார்.

பெனடிக்டுக்குப் போன் செய்து பொத்தான் விஷயத்தையும் சான்றிதழ் விஷயத்தையும் சொன்னேன். பட்டியலில் என் பெயரை அடித்துவிடுவதாகச் சொன்னார். பிறகு, "சொன்னதுக்குத் தேங்க்ஸ் சார். போன வருஷம் ஒருத்தர் சொல்லாம வந்தாரு" என்றார். அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

மே 2

பிரஷர் மிஷின் வாங்கியிருக்கிறாள். காலை 146/92. மாலை 144/90.

துளசிமணி தன் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டாள். காலணி பெட்டிக்குள் போய்விட்டது. காலண்டர் படத்தைக் கழற்றி ஆணியையும் பிடுங்கிவிட்டாள். சுவரில் சதுரமாக வெள்ளைத் திட்டு. புகை படாத இடம்.

"எதுக்கு எடுத்த?"

"பல்லி முட்ட வெச்சிருந்துச்சுங்க."

பல்லியும் இல்லை முட்டையும் இல்லை. இந்த வீட்டில் இப்போது அவளும் பொய் சொல்கிறாள்.

மே 5

பெனடிக்டிடம் இரண்டு கேள்வி கேட்டேன். அவள் பெயரை இன்னும் எடுக்கவில்லையே? இல்லை. அடிவாரக் கிராமம் எத்தனை அடி? 6,200. டாக்டர் சுகுணாவிடம் ஒரு கேள்வி: ஊட்டிக்குப் போகலாமா? ஒரு மாதம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் போகலாம். ஊட்டி ஏழாயிரத்துக்கு மேல்.

மே 6

காலையில் இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குக் கோடு போட்டு நிரப்பி அவள் முன்னால் வைத்தேன்.

"எல்.சி. எண்: 1. பெறுபவர்: செ. துளசிமணி. இடம்: பீம்சர் ஏரி. வேலை: பார்ப்பது. கொடுப்பவர்: ஆபரேட்டர் சென்னியப்பன். பெற்றவர் நேரில் வந்து திருப்பித் தரும் வரை ஆபரேட்டர் இடத்தை விட்டு நகரக்கூடாது."

படித்துவிட்டு, "என்னங்க வெளையாட்டு இது?" என்றாள்.

"வெளையாட்டில்ல. என்ற வேலையே இதுதான? முப்பத்தோரு வருசமா ஏறுனவன் எவனோ. நான் கீழ உக்காந்து அவன் எறங்கி வர்ற வரைக்கும் பாத்துட்டிருந்தேன். எனக்கு ஏறத் தெரியாது அம்மிணி. உக்காந்திருக்கத் தெரியும். அடிவாரத்துல உக்காந்திருக்கேன். நீ ஏறிட்டு வா."

"நான் மேல இருக்கறப்ப உங்களுக்கு ஒண்ணுன்னா?"

"இங்கிருந்தா மட்டும் ஆகாதா?"

பாத்திரம் கழுவப் போனாள். மத்தியானம் சிவப்புப் பேனாவோடு வந்தாள். நிபந்தனை போட்டாள். மணிக்கொரு முறை பிரஷர் பார்த்து எழுத வேண்டும். பார்த்து எழுத வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். ஒரு ஏற்றமும் ஏறக்கூடாது, அவள் இறங்கி வருவது தெரிந்தாலும் எதிரில் ஏறி வரக்கூடாது. சரி என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

காலணியை மாட்டிக்கொண்டு மாவாட்டப் போனாள்.

ஜூன் 4

அடிவாரக் கிராமம். ரயிலில் இரண்டு நாள், ஜீப்பில் பத்து மணி நேரம். பிரஷர் 138/86. நாங்கள் தங்கும் வீட்டின் சொந்தக்காரர் கோவிந்த்ஜிக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இருவரும் பருப்புப் பொடியை வைத்துச் சமாளிக்கிறோம்.

ஜூன் 5

07:10. குழு புறப்பட்டது. பத்துப் பேர், இரண்டு வழிகாட்டிகள், பெனடிக்ட். துளசிமணி எனக்கு விபூதி வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள், ஒரு தடவை.

08:00. 140/88. இங்கிருந்து பார்த்தால் பாதை தேவதாரு மரங்களுக்குள் போய் மறைகிறது.

09:00 முதல் 20:00 வரை எல்லாம் சரியான அளவு. பட்டியல் பின்பக்கத்தில்.

ஜூன் 7

இன்று அவர்கள் ஏரியில் இருக்க வேண்டும். 11 மணிக்கு மலை மேல் மேகம் மூடியது. மழை. 142/88. அங்கே பனியாக விழும் என்று கோவிந்த்ஜி கையால் காட்டினார். அதை அவர் காட்டாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 8

12:30க்கு வர வேண்டும். 

12:00. 140/86.

13:00. 152/94. யாரும் வரவில்லை.

14:00. 171/102. குழு வந்துவிட்டது. எண்ணினேன். ஒன்பது பேர். மறுபடி எண்ணினேன். ஒன்பது.

பெனடிக்ட் ஓடிவந்தார். "சார், பயப்படாதீங்க. அம்மா நல்லா இருக்காங்க. பின்னாடி கைடு கூட வர்றாங்க, பாலத்தைத் தாண்டுனதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். வாங்க, சாப்பிடலாம்." எல்லாரும் பத்திரமாக இறங்கியதாகக் கிராமச் சாவடிப் பதிவேட்டில் உறவினர் கையெழுத்து வேண்டுமாம், அதையும் நீட்டினார்.

"நேர்ல வரட்டும்" என்றேன்.

எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். ஏற்றம். வாக்குக் கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்தேன். 1999இல் எனக்குக் கோபம்தான் இருந்தது, பயம் இல்லை. கம்பத்தில் இருந்தது வேறு வீட்டு ஆள். இதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன்.

15:05. துளசிமணி வந்தாள்.

வலது காலணியின் அடிப்பாகம் பிய்ந்து போயிருந்தது. அதைச் சென்னிமலைத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தாள். மாவாட்டியே தேய்த்துவிட்டாள் போல. முகமெல்லாம் வெயிலில் கறுத்து உரிந்திருந்தது. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"ஏரி எப்படி?"

"நீலமே இல்லீங்க. பாதி ஐசு, மீதி கறுப்புத் தண்ணி. நாங்க போனப்ப ஒரே மூடாக்கு. அஞ்சு நிமிசந்தான் தெரிஞ்சுது."

"அப்ப காலண்டர் ஏமாத்திருச்சா?"

"இல்லீங்க. காலண்டர்ல சத்தம் இல்லையில்ல. அங்க ஐசு ஒடையுது. கட்டிலு முறியற மாதிரி, படார்னு. நெம்பப் பயமாயிருந்துச்சு. இன்னொருக்கா ஒடையாதான்னு நின்னுட்டே இருந்தேன்." ஐஸ் பிளந்த அகலத்தை இரு கையையும் விரித்துக் காட்டினாள். "நீங்களும் கேட்டிருக்கோணும்" என்றாள்.

பிறகு புத்தகத்தை இழுத்து மடியில் வைத்து, நான்கு நாள் ரீடிங்கையும் விரல் வைத்துப் படித்தாள். இரண்டு மணியில் விரல் நின்றது.

"நூத்தி எழுவத்தொண்ணா? மாத்தர போடலீங்களா?"

"போட்டேன்."

"ஏறுனீங்களா?"

"இல்ல."

"பொறகு எப்படிங்க?"

"ஒம்பது பேருதான் வந்தாங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, எல்.சி. எண் 1க்குக் கீழே எழுதினாள்: "15:20. நேரில் வந்து திருப்பித் தந்தேன். து.ம." அப்புறம் என் சட்டைக் கையை அவளே சுருட்டிவிட்டு மிஷினை மாட்டினாள்.

15:30. 136/84. இருவரும் பார்த்து எழுதியது.